வீடற்றோர் காப்பகம்: கட்டினால் மட்டும் போதுமா?

தமிழக அரசின் பட்ஜெட்டில் வீட்டு வசதிக்குப் பணம் ஒதுக்குவதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துக்கு 2024-25-ல் 3,500 கோடி ரூபாய், அடுத்த ஆண்டும் அதே 3,500 கோடி. வீட்டுக்கு மூன்றரை லட்சம் வீதம் ஆண்டுக்கு ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள், 2030-க்குள் எட்டு லட்சம் என்பது இலக்கு. நல்ல திட்டம்தான். ஆனால் அது ஊரகத்தில் சொந்த இடத்தில் குடிசை போட்டிருப்பவருக்கானது. பேருந்து நிலையத்து நடைமேடையில் படுத்திருக்கும் முதியவருக்குக் குடிசையும் கிடையாது, பட்டாவும் கிடையாது. இன்று ராத்திரி பயமில்லாமல் படுக்க ஓர் இடம், காலையில் குளிக்கத் தண்ணீர், உடம்புக்கு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஓர் ஆள்: அவர் கேட்பது இவ்வளவுதான். இவற்றுக்கு மாதா மாதம் செலவழிக்க வேண்டும். நம் அரசுகள் கை சுருக்குவது அங்கேதான்.

உணவு உரிமை வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான், நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் காப்பகம் என்ற அளவுகோல் நிலைபெற்றது. 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் அதையே ஏற்றுக்கொண்டது. அந்த இயக்கம் 50 பேர் தங்கும் காப்பகத்தை நடத்த ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. ஒரு மேலாளரும் மூன்று காப்பாளர்களும் இருக்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டு நெறிகள் சொல்லின. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 50,000 ரூபாய். நான்கு பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 12,500. அத்தோடு பணம் தீர்ந்தது. மின் கட்டணம், தண்ணீர் லாரி, கழிப்பறைத் தொட்டி அள்ளும் கூலி, பாய், போர்வை, சோப்பு எல்லாவற்றுக்கும் நன்கொடையாளர்களின் தயவைத்தான் நாட வேண்டும். தங்குபவர் தலைக்கு என்று பார்த்தால் நாளொன்றுக்கு 33 ரூபாய். இந்தப் பணத்தில் நடக்கும் காப்பகத்தில் ராத்திரிக் காவலுக்கு ஆள் நிற்பதில்லை, பெண்கள் தங்கத் துணிவதில்லை. பிறகு “கட்டிக் கொடுத்தும் வர மாட்டேன் என்கிறார்கள்” என்ற குறை மட்டும் கோப்பில் ஏறுகிறது.

திருப்பூர் மாவட்டத்துப் பல்லடம் போன்ற ஊருக்கு இந்த அளவுகோலே பொருந்தவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 42,000. லட்சத்துக்கு நூறு பேர் என்றால் பல்லடத்தின் பங்கு 42 பேர். சிறிய காப்பகமே 50 பேருக்கானது. ஆனால் இந்த ஊரின் தேவையை நகராட்சி எல்லையை வைத்து அளக்க முடியாது. திருப்பூர் சாலையில் கரைப்புதூர், அருள்புரம் என்று சாயப்பட்டறைகளும் பனியன் கம்பெனிகளும் நெருங்கிக் கிடக்கும் பகுதிகள் ஊராட்சியில் இருப்பதால், நகர்ப்புறத் திட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. தறிக்குடோனில் தறிக்குப் பக்கத்திலேயே பாய் விரிப்பவரும், கோழிப்பண்ணைக் கொட்டகையில் குடும்பத்தோடு முடங்குபவரும் தலைக்கு மேல் கூரை இருப்பதால் வீடற்றோர் கணக்கில் வருவதில்லை. ஆனால் வேலை போன அன்றே அவர்களுக்கு இடமும் போய்விடுகிறது. லைன் வீட்டில் இருப்பவர் நிலையும் பெரிதாக வேறில்லை: வாரச் சம்பளம் நின்றால் அட்வான்ஸில் வாடகையைக் கழிப்பார்கள், அதுவும் கரைந்தால் வெளியேற வேண்டியதுதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது ஆர்டர் குறைந்த கவலையைத் தொழில் அமைப்புகள் பேசின. தொழிலாளியின் வாடகையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பின்லாந்தில் உறவினர், நண்பர் வீட்டில் தற்காலிகமாக ஒண்டியிருப்பவரையும் வீடற்றவராகவே எண்ணுகிறார்கள். அப்படி எண்ணியும், 2008-ல் வீட்டுக்கே முதலிடம் என்ற தேசியத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு அங்கே எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது.

வேலை கொடுக்கும் முதலாளிதானே தங்க இடமும் தர வேண்டும் என்பது நியாயமான ஆட்சேபம். வெளிமாநிலத் தொழிலாளருக்கான 1979-ம் ஆண்டுச் சட்டமே அந்தப் பொறுப்பை ஒப்பந்ததாரர் மீது வைத்தது. ஆனால் அது ஒப்பந்ததாரர் வழியாக அழைத்து வரப்பட்டவருக்கு மட்டுமே இருந்தது. ஊர்க்காரர் சொல்லி ரயிலேறித் தானே வந்தவருக்கு அந்தச் சட்டத்தில் இடம் இருக்கவில்லை. பத்துத் தறி வைத்திருப்பவரால் விடுதி கட்டவும் முடியாது. காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்க 706.5 கோடியில் சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024-ல் திறக்கப்பட்டது. பெரிய ஆலைக்கு அரசு அதைச் செய்யலாம் என்றால், சிறு பட்டறைகள் கூடிய ஊருக்குத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே, பாலக்காடு கஞ்சிக்கோட்டில், வெளிமாநிலத் தொழிலாளருக்காக 600-க்கும் மேற்பட்ட படுக்கைகளோடு ‘அப்னா கர்’ விடுதியை 2019-ல் கேரள அரசு திறந்தது.

பணத்துக்கு எங்கே போவது என்று அடுத்ததாகக் கேட்பார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழக நகரங்களில் வீடற்றோர் சுமார் 37,000 பேர். காப்பகத்தில் தலைக்கு நாளொன்றுக்கு ஆகும் அந்த 33 ரூபாயை நூறாக உயர்த்தி அத்தனை பேருக்கும் ஆண்டு முழுவதும் கொடுத்தாலும் 135 கோடிதான் ஆகும். எண்ணிக்கை இன்று இரு மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும் 270 கோடி. கனவு இல்லத்தின் ஓராண்டு ஒதுக்கீட்டில் எட்டு சதவீதத்தைத் தொடாது. ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் செலவைக் கண்டு அஞ்சும் மாநிலமும் அல்ல இது. 1982-ல் விரிவாக்கிய சத்துணவுக்கு அமைப்பாளர், சமையலர் சம்பளம் உட்பட இன்றுவரை பணம் போய்க்கொண்டிருக்கிறது. சமையற்கூடம் கட்டியதோடு அரசின் கடமை முடிந்தது என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

மனநோயோடு தெருவில் அலைபவர்கள் விஷயத்தில் ஆள் பலம் இன்னும் முக்கியம். குடும்பம் இல்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம். அப்படியானால் அவர் எங்கே போவார்? சென்னையின் ‘தி பேனியன்’ அமைப்பு இதற்கு ஒரு வழி காட்டியது. குணமடைந்த நான்கைந்து பேர் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள், உதவியாளர் உடன் இருக்கிறார். ‘ஹோம் அகெய்ன்’ எனப்படும் இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தன் வழிகாட்டி நூலில் சேர்த்தது. இதற்குக் கட்டடம் எழுப்ப வேண்டியதே இல்லை. வாடகையும் உதவியாளர் சம்பளமும்தான் செலவு.

இந்தச் செலவுகள் இன்று நகராட்சி நிர்வாகம், சமூக நலம், சுகாதாரம், தொழிலாளர் நலம், வீட்டு வசதி என்று பல துறைகளுக்குள் சிதறிக் கிடக்கின்றன. வீடற்றோர் பராமரிப்புக்கென்று ஒரே கணக்குத் தலைப்பும், தலைக்கு இவ்வளவு என்று விலைவாசியோடு உயரும் தொகையும் மானியக் கோரிக்கையில் இடம்பெற வேண்டும். நகராட்சியையும் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் ஒரே வட்டாரமாகக் கொள்ளவும் அதில் வழி வேண்டும். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாகக் கொண்டது. தறிக்குடோன்களையும் கொட்டகைகளையும் சேர்த்துப் பல்லடம் வட்டாரம் அதற்கு முன்பே ஒரு கணக்கை எடுத்து வைத்தால், நிதித் துறையிடம் கேட்க ஒரு தொகையாவது கையில் இருக்கும்.