கடைக்கு ஒரு முழு வரவு செலவுத் திட்டம்



விஜயநகர மன்னர்களின் பிற்காலத் தலைநகராக விளங்கிய சந்திரகிரியின் கடைவீதியில் மளிகைக் கடை வைத்துள்ள தமிழர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய ஏட்டில் இலாபம் தெரிகிறது. ஆயினும் புரட்டாசிக்குச் சரக்குப் பிடிக்கவேண்டிய வேளையில் கல்லாவில் பணம் இருப்பதில்லை. உற்றார் அருகில் இல்லாத ஊரில், கேட்ட வட்டிக்கு அவசரக் கடன் வாங்க நேர்கிறது. இலாபம் வட்டியிலே கரைகிறது. இதைத் தடுக்க வல்லதே முழு வரவு செலவுத் திட்டம். விற்பனை, கொள்முதல், செலவு, ரொக்கம் ஆகிய நான்கின் மதிப்பீடுகளையும் ஒன்றோடொன்று பிணைப்பது அது.

முதலில் விற்பனையை மதிப்பிடவேண்டும். மற்றவை யாவும் அதைப் பின்பற்றுவன. சென்ற ஆண்டுக் கணக்கை அப்படியே பெயர்த்தெழுதுவது போதாது. சான்றாக, அதிக மாதம் வந்த 2023ஆம் ஆண்டில் திருமலையில் பிரமோற்சவம் இருமுறை நடந்தது. 2024இல் ஒருமுறையே நடந்தது. மேலும், தமிழ் வாடிக்கையாளருக்குப் புரட்டாசிச் சனியும், தெலுங்கு வாடிக்கையாளருக்கு உகாதியும் முக்கியம். ஆகவே இரு பஞ்சாங்கங்களையும் பார்த்தே மாதவாரியாக எழுதுதல் நன்று.

நம் வியாபாரி ஆவணியில் 2,00,000 ரூபாய்க்கும், புரட்டாசியில் 3,00,000 ரூபாய்க்கும் விற்பதாக மதிப்பிடுகிறார். நூறு ரூபாய் விற்பனையில் சரக்கின் அடக்க விலை எண்பது ரூபாய். வரியை இங்கே சேர்க்கவில்லை.

அடுத்தது கொள்முதல். மறுமாதத் தேவையில் பாதிச் சரக்கு மாத முடிவில் கையிருப்பாக இருக்கவேண்டும் என்பது அவர் வைத்துள்ள விதி. ஆவணி விற்பனைக்கு 1,60,000 ரூபாய்ச் சரக்கும், முடிவிருப்பாக 1,20,000 ரூபாய்ச் சரக்கும் வேண்டும். தொடக்க இருப்பு 80,000 ரூபாயைக் கழித்தால் கொள்முதல் 2,00,000 ரூபாய்.

வாடகை, சம்பளம், மின்கட்டணம் முதலிய செலவு 25,000 ரூபாய். எனவே ஆவணி இலாபம் 15,000 ரூபாய்.

இனி ரொக்கத்தைப் பார்ப்போம். விற்பனையில் கால் பங்கு கடன். அது மறுமாதம் வசூலாகும். ஆவணியின் ரொக்க விற்பனை 1,50,000. ஆடி மாதப் பாக்கி 50,000. ஆக வரவு 2,00,000 ரூபாய். கொள்முதலும் செலவும் சேர்ந்து 2,25,000 ரூபாய். தொடக்கத்தில் கல்லாவில் இருந்தது 10,000 ரூபாய்தான். ஆக, 15,000 ரூபாய் இலாபம் ஈட்டும் அதே மாதத்தில் 15,000 ரூபாய் பற்றாக்குறை! பணம் எங்கும் போய்விடவில்லை. கூடுதல் சரக்காகக் கடையிலேயே அடுக்கப்பட்டிருக்கிறது.

புரட்டாசி விற்பனையில் இப்பணம் திரும்பிவிடும். ஆனால் பற்றாக்குறையை ஆனியிலேயே அறிந்தவர் வங்கியை நிதானமாக அணுகலாம். மொத்த வியாபாரியிடம் தவணை கேட்கலாம். பழைய பாக்கியை முன்கூட்டியே வசூலிக்கலாம். ஆவணிக் கடைசியில் அறிபவருக்கு இவ்வழிகள் அடைபட்டுவிடும்.

இம்மதிப்பீடுகளைத் தொகுத்தால் ஆண்டின் உத்தேச இலாப நட்டக் கணக்கும் ஐந்தொகையும் கிடைக்கும். வீட்டுக்கு எடுக்கும் பணத்தையும் ஒரு தொகையாக வரையறுத்து எழுதிவிடுங்கள்; எழுதாமல் எடுத்த பணம் திட்டத்தையே பொய்யாக்கும். மாதந்தோறும் மதிப்பீட்டையும் நடப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுத் திருத்துங்கள். இதற்கு வேண்டியவை ஒரு நோட்டுப் புத்தகமும், மாதத்தில் ஒரு மாலைப் பொழுதும் மட்டுமே.