கம்பிவடத்திற்கு உறையும் பூமித் தொடர்பும்

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா, பூமியின் காந்த நடுக்கோட்டருகே உள்ளது. வானில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பாயும் மின்னோட்டத்தை ஆராய்வதற்கு அவ்விடம் ஏற்றது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பெற்றது.

இத்தகைய ஆய்வில் கருவிகள் தரும் மின்குறிப்புகள் நலிந்தவை. அவை செல்லும் கம்பிவடத்தருகே விநாடிக்கு 50 சுழற்சியுள்ள மாறுதிசை மின்னோட்டம் பாயுமாயின், அதன் இரைச்சலும் அளவாகப் பதிவாகிவிடும்.

பின்னிய செப்புறை மின்புலத்தைத் தடுக்கும். முறுக்கிய இரட்டைக் கம்பி காந்தப்புலத்தின் விளைவைக் குறைக்கும். குறைந்த அதிர்வெண்ணில் உறையை ஒரு முனையில் மட்டும் பூமியுடன் இணைப்பதே முறை. இரு முனைகளிலும் இணைத்தால், இரு இடங்களின் மின்னழுத்த வேறுபாட்டால் உறையிலேயே மின்னோட்டம் பாய்ந்து இரைச்சலை உண்டாக்கும்.

ஆயினும், கருவிப் பெட்டியின் பாதுகாப்புப் பூமித் தொடர்பை இதன்பொருட்டு ஒருபோதும் அகற்றலாகாது, அது உயிர்காப்பது.