கணிப்பொறி மயங்கி விழுவது ஏன்?

2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் உலகெங்கும் கணிப்பொறித் திரைகள் திடீரென நீல நிறமாக மாறி நின்றன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்கு அனுமதிச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கணிப்பின்படி, பழுதுற்றவை ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள். இதற்குக் காரணம் யாது?

கணிப்பொறியின் எல்லா வேலைகளையும் மேற்பார்ப்பது இயங்குதளம். அதன் நடுப்பகுதியைக் 'கெர்னல்' என்பர். கடிதம் தட்டச்சிடும் மென்பொருள் தவறு செய்தால், இயங்குதளம் அதை மட்டும் நிறுத்திவிடும். கெர்னலுக்குள்ளேயே தவறு நேர்ந்தால், தட்டிக் கேட்க மேலே ஆளில்லை. தவறான விவரங்களை எழுதிச் சேமிப்பைக் கெடுப்பதைவிட நின்றுவிடுவதே மேல் என்று அது தானே நின்றுவிடுகிறது. ஆகவே நீலத் திரை நோயன்று. நோயின் அறிகுறியே ஆகும்.

நிற்கும்போது இயங்குதளம் இரு தடயங்களை விட்டுச் செல்கிறது. ஒன்று, திரையில் தோன்றும் பிழைக் குறியீடு. மற்றொன்று, அந்நேரத்து நினைவகத்தின் நகலான 'டம்ப்' கோப்பு. அதை ஆராய்ந்தால், எந்த மென்பொருளின் கட்டளை நடந்துகொண்டிருந்தபோது விழுந்தது என்பது புலப்படும். அண்மையில் புதிதாகச் சேர்த்தது எது என்றும் கேட்க வேண்டும். இன்றியமையாதவற்றை மட்டும் கொண்டு இயங்கும் 'சேஃப் மோட்' நிலையில் கணிப்பொறி ஒழுங்காக ஓடினால், ஐயம் பின்னர் சேர்த்த மென்பொருளின் மேல் விழும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறியீடு தோன்றினால், நினைவகச் சில்லையும் சோதிப்பது நன்று.

அன்று நடந்தது 'வேலியே பயிரை மேய்ந்த' கதை. கெர்னலுக்குள் அமர்ந்து காவல் காப்பது கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள். அதற்கு அனுப்பப்பட்ட புதிய கோப்பு 21ஆவது விவரத்தையும் ஒப்பிடச் சொன்னது. மென்பொருளிடம் இருந்தவையோ 20 மட்டுமே. இல்லாத இடத்தைப் படிக்க முயன்றதும் இயங்குதளம் விழுந்தது. 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றனர். ஆயினும், விழுந்தவற்றுள் பல, எழும்போதே மீண்டும் விழுந்ததால், திருத்தம் அவற்றை எட்டவில்லை. ஒவ்வொரு கணிப்பொறியின் முன்னும் ஒருவர் அமர்ந்து, சேஃப் மோடில் அந்த ஒரு கோப்பை நீக்க வேண்டியதாயிற்று.

எண்ணிக்கையில் ஒன்று பிசகியதால் வந்த வினை இது. புதியதை முதலில் சில கணிப்பொறிகளில் மட்டும் செலுத்திப் பார்த்திருந்தால், இழப்பு அவற்றோடு நின்றிருக்கும். நாளை இத்துறையில் நுழையும் மாணவ நண்பர்கள் நெஞ்சில் கொள்ளத்தக்க பாடம் இதுவே.