மேட்டில் நிற்கும் ஊர்கள்

கோட்டுச்சேரிமேடு, காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு. காரைக்கால் கடற்கரையில் மீனவ ஊர்கள் பலவற்றின் பெயரே மேடுதான். கோட்டுச்சேரி வயல்களைக் கடந்து கிழக்கே போனால், தாழ்ந்துகொண்டே வரும் தரை கடலை நெருங்கும்போது மறுபடி ஏறும். அலை குவித்து, காற்று உயர்த்திய மணல் அது.

மணலைக் கொண்டுவந்தது காவிரி. ஆனால் அதன் கிளைகளான நண்டலாறும் அரசலாறும் கொட்டிய இடத்திலேயே அது கிடப்பதில்லை. அலை கரைக்குச் சாய்வாக வருகிறது. ஏறும்போது மணலைச் சாய்வாக ஏற்றும். வடியும்போது நேராக இறக்கும். அலைக்கு அலை மணல் கொஞ்சம் தள்ளிப் போகும். தென்மேற்குப் பருவத்தில் வடக்கே நகரும். வாடை வீசினால் தெற்கே.

தெற்கே சுமார் 75 கிலோமீட்டரில் கோடியக்கரை. வடக்கு தெற்காக ஓடிவந்த கரை அங்கே மேற்கே திரும்பிவிடுகிறது. பாக் நீரிணையில் ஆழம் குறைவு; இலங்கை மறைப்பதால் அலையும் அடங்கியிருக்கும். தளர்ந்த நீர் சுமந்துவந்த மணலை இறக்கி வைக்கிறது. கரை கடலுக்குள் நகர நகர, பழைய கரைகள் விசிறி மடிப்புபோல் உள்ளே மேடுகளாக நின்றுவிட்டன. கரிமக் காலக்கணிப்புப்படி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து மேட்டுக்கு வயது சுமார் 6,000 ஆண்டு. கோடியக்கரை மேட்டுக்குச் சுமார் 1,000தான்.

மேட்டில் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும். மணலில் இறங்கிய மழைநீர், கனத்த உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி இருக்கும். அளவுமீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். தாழ்ந்த இடங்களிலோ உப்புதான் விளைச்சல். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து உப்புச் சட்டத்தை மீறி உப்பு அள்ளியது கோடியக்கரையை அடுத்த வேதாரண்யம் மண்ணில்தான்.

கோடியக்கரையில் செங்கல்லால் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் ஒன்று இருந்தது. சோழர் காலத்தது என்பார்கள். சிதைந்து நின்ற அதை 2004 டிசம்பர் 26 சுனாமி சாய்த்துவிட்டது. சோழர் கட்டியது என்பது உண்மையானால், பழமையின் சின்னமாக நாம் பார்த்த அந்தக் கட்டடம், கடல் அப்போதுதான் போட்டு முடித்திருந்த புது மணலில் எழுந்திருக்க வேண்டும்.