டிக்கிள் மொழியில் நேர நிகழ்வுகள்

குறிப்பிட்ட நேரம் கழிந்ததும் நிரலின் ஒரு பகுதி தானாக இயங்கும்படி ஏற்பாடு செய்வது நேர நிகழ்வு எனப்படும். திரையில் ஓடும் கடிகாரம், தேர்வில் மீதமுள்ள நேரத்தைக் காட்டும் எண், அசைவூட்டம், கோப்பைத் தானாகச் சேமித்தல் ஆகியவை இதனால் நடைபெறுகின்றன. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜான் ஓஸ்டர்ஹவுட் 1988இல் உருவாக்கத் தொடங்கிய டிக்கிள் என்னும் உரைநிரல் மொழியிலும், அதனுடன் வழங்கும் டிகே வரைகலைக் கருவித்தொகுப்பிலும், இதற்கெனப் பயன்படும் கட்டளை 'ஆஃப்டர்'.

இக்கட்டளைக்கு இரு முகங்கள் உண்டு. புதிதாகக் கற்போர் இடறுவது இங்குதான். 'ஆஃப்டர் 5000' என்று எண்ணை மட்டும் கொடுத்தால் நிரல் 5000 மில்லிநொடி, அதாவது 5 நொடி, அப்படியே நின்றுவிடும். அந்நேரத்தில் பொத்தானை அழுத்தினாலும் பலனில்லை, சாளரம் உறைந்திருக்கும். எண்ணுடன் செய்யவேண்டிய வேலையையும் சேர்த்து, 'ஆஃப்டர் 5000 சேமி' என்று எழுதினால் நிரல் நிற்பதில்லை. வேலை குறித்துவைக்கப்படுகிறது, ஓர் அடையாளம் திரும்பக் கிடைக்கிறது, நிரல் அடுத்த வரிக்குச் சென்றுவிடுகிறது. வரைகலை நிரல்களுக்கு ஏற்றது இரண்டாவது வடிவமே. 'சேமி' போன்ற செயல்முறைப் பெயர்களை டிக்கிளில் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம் என்பது பலர் அறியாத வசதி.

குறித்துவைத்த வேலையை இயக்குவது நிகழ்வுச் சுழற்சி. விசை அழுத்தம், சுட்டியின் அசைவு, நேரம் முடிந்த வேலைகள் ஆகியவற்றை அது ஒவ்வொன்றாக எடுத்து நடத்துகிறது. ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொடுவதில்லை. ஆகவே 5000 என்பது 'சரியாக 5 நொடியில்' என்று பொருள்படாது. 'குறைந்தது 5 நொடி கழித்து, கை ஒழிந்தபோது' என்றே பொருள்படும். 8 நொடி நீடிக்கும் கணக்கு ஒன்று இடையில் ஓடினால் நேர நிகழ்வு அது முடியும்வரை காத்திருக்கும். அத்தகைய நீண்ட வேலையைச் சிறு துண்டுகளாக்கி, ஒரு துண்டு முடிந்ததும் அடுத்ததை 'ஆஃப்டர் 1' எனக் குறித்துவைப்பது வழக்கம். துண்டுகளுக்கு இடையே சாளரம் மூச்சுவிட்டுக்கொள்ளும்.

'ஆஃப்டர்' ஒருமுறைதான் இயங்கும். வேலை திரும்பத் திரும்ப நடக்க, செயல்முறை தன் முடிவில் தன்னையே மறுபடி குறித்துவைக்க வேண்டும். 3 மணி நேரத் தேர்வுக்கான கடிகாரத்தை இம்முறையில் எழுதுவோர் பெரும்பாலும் 10800 என்ற எண்ணில் தொடங்கி, 1000 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒன்றைக் கழிப்பார்கள். பார்வைக்குச் சரியாகவே ஓடும். ஆனால் எண்ணைக் கழித்துத் திரையில் எழுத ஒவ்வொரு முறையும் 8 மில்லிநொடி ஆகிறது என்று கொண்டால், ஒரு சுற்று 1008 மில்லிநொடி நீளும். 10800 சுற்றுகள் முடியும்போது சுமார் 86 நொடி பிந்தியிருக்கும். ஒரே அறையில் வேகம் வேறுபட்ட கணினிகள் இருந்தால் மாணவர்களுக்குக் கிடைக்கும் நேரமும் வேறுபடும். தேர்வு தொடங்கும்போதே முடிவு நேரத்தைக் கணித்து ஒரு மாறியில் வைத்துவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் 'கிளாக் செகண்ட்ஸ்' தரும் இப்போதைய நேரத்தை அதிலிருந்து கழித்துக் காட்டுவதே முறை. அப்போது நேர நிகழ்வு திரையைப் புதுப்பிக்க மட்டுமே பயன்படுகிறது. அது சற்றுத் தாமதித்தாலும் கணக்குப் பிசகாது. சுற்றை 200 மில்லிநொடியாக வைத்தால் எண் தாவாமல் மாறும்.

தொடக்கப் பொத்தானை இருமுறை அழுத்தினால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு சங்கிலிகள் ஓடத் தொடங்கும். ஒவ்வொன்றாகக் கழிக்கும் கடிகாரம் இரட்டை வேகத்தில் இறங்கும். முதலில் கிடைத்த அடையாளத்தை மாறியில் வைத்திருந்து, புதிதாகத் தொடங்குமுன் 'ஆஃப்டர் கேன்சல்' கட்டளையால் பழையதை நீக்கிவிட வேண்டும். சாளரத்தை மூடும்போதும் இதுவே தேவை. இல்லையெனில் இல்லாத சாளரத்தில் எழுத முயன்று, நிரல் பிழைச்செய்தி காட்டும்.

பைத்தான் மொழியின் டிகின்டர் இதே டிகேயின்மேல் அமைந்தது. அதன் 'ஆஃப்டர்' உள்ளே அழைப்பதும் டிக்கிளின் கட்டளையைத்தான். அங்கே வேறொரு பொறி உண்டு. செயற்கூற்றின் பெயரை மட்டும் கொடுக்கவேண்டிய இடத்தில் அடைப்புக்குறியையும் சேர்த்துவிட்டால் அது உடனே இயங்கிவிடும். அது எதையும் திருப்பித் தரவில்லையெனில், வேலை இல்லாமல் எண் மட்டும் கொடுத்ததாகி, மேலே சொன்ன முதல் வடிவத்தைப் போலச் சாளரம் உறைந்து நிற்கும்.