ஊர்ப் பிள்ளை விடைபெற்ற நாள்

ஒரு கிராமத்தில் விளையாட்டுக் கழகம் வகிக்கும் இடத்தை எமது வாசகிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மரண வீட்டில் பந்தல் போடுவதும், திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் வைப்பதும், வெள்ளம் வந்தால் முதலில் ஓடி வருவதும் கழகத்துப் பிள்ளைகள்தான். அங்கு வளர்ந்த ஒருவன் ஊரைவிட்டுப் போகும்போது அவனது வீட்டோடு சேர்ந்து ஊரும் வெறுமையாகிவிடுகிறது. இத்தகைய பிணைப்புக்களைச் சமூகவியலாளர் 'சமூக மூலதனம்' என்பர். பணத்தைப் போலவே இதுவும் சிறுகச் சிறுகச் சேர்க்கப்பட்டு, நெருக்கடி வேளையில் கைகொடுப்பது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 2015ஆம் ஆண்டு இடம்பெற்ற ஒரு பிரியாவிடை இதற்கு நல்லதோர் உதாரணமாகும்.

துறைமுக நகரின் மகன்

லிவர்பூல் இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுவீச்சுக்களால் பெரிதும் பாதிக்கப்பட்ட துறைமுக நகரம். 1941 மே மாதத்தின் முதல் வாரத்தில் மாத்திரம் அங்கும் அயலிலும் சுமார் 1,700 பேர் மாண்டனர். 1970களிலும் 80களிலும் துறைமுகத் தொழில் வீழ்ச்சியடைய, ஏராளமான குடும்பங்கள் வருமானத்தை இழந்தன. அக்காலத்தில் மக்களிடம் எஞ்சியிருந்த பெருமைகளுள் ஒன்று உதைபந்தாட்டம்.

இந்நகருக்கு அருகிலுள்ள ஹைட்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர் 1980இல் பிறந்த ஸ்டீவன் ஜெராட். பத்து வயதை எட்டுமுன்னரே லிவர்பூல் கழகத்தின் சிறுவர் பயிற்சிக்குத் தெரிவானார். 1998இல் முதன்மை அணியில் இடம்பிடித்து, 2003இல் தமது 23ஆவது வயதில் அணித்தலைவரானார். 2005இல் இஸ்தான்புல் நகரில் நடந்த ஐரோப்பிய சம்பியன் கிண்ண இறுதிப் போட்டியில், இடைவேளையின்போது மிலான் அணியிடம் 3-0 எனப் பின்தங்கியிருந்தது லிவர்பூல். முதற் கோலை அடித்து அணியை எழுப்பியவர் ஜெராட். இறுதியில் பெனல்டி உதைகளில் வென்று கிண்ணம் அவர் கைக்கு வந்தது.

எனினும் ஊருக்கும் அவருக்குமான உறவு எப்போதும் சுமுகமாக இருந்ததென்று கூற முடியாது. அதே ஆண்டு யூலையில் அவர் கழகத்தை விட்டு விலகப்போவதாக அறிவித்தபோது, ஆத்திரமுற்ற சிலர் அவரது பெயர் பொறித்த மேற்சட்டையைத் தீயிட்டனர். ஒரு நாளைக்குள் அவர் மனம் மாறித் தங்கிவிட்டார். 2014 ஏப்ரலில் செல்சி அணியுடனான போட்டியில் அவர் கால் வழுக்கி விழ, எதிரணி கோல் அடித்தது. 24 ஆண்டுகளாகக் காத்திருந்த லீக் கிண்ணம் கைநழுவ அதுவும் ஒரு காரணமாயிற்று. அப்போதும் லிவர்பூல் மக்கள் அவரைக் கைவிடவில்லை.

தாய்மாரின் நீண்ட போராட்டம்

இந்தப் பிணைப்பின் ஆழத்தை அறிய 1989 ஏப்ரல் 15ஆம் திகதிக்குச் செல்ல வேண்டும். அன்று ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் போட்டி பார்க்கச் சென்ற லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்குண்டனர். இதனால் உயிரிழந்தோர் மொத்தம் 97 பேர். அவர்களுள் மிக இளையவன் பத்து வயதுச் சிறுவன், ஜெராட்டின் உறவுமுறைச் சகோதரன். ஜெராட்டுக்கு அப்போது எட்டு வயது. அச்சிறுவனின் நினைவே தம்மை விளையாட்டில் உந்தியதென அவர் பின்னர் கூறியுள்ளார்.

பொலிஸார் பழியை ரசிகர்கள்மீதே சுமத்தினர். குடிபோதையே காரணம் என்றனர். பத்திரிகையொன்று அதனை உண்மையென வெளியிட்டது. 1991இல் மரண விசாரணை 'விபத்து' என முடிந்தது. பிற்பகல் 3.15 மணிக்குப் பின்னர் நடந்தவற்றை ஆராயவே அவ்விசாரணை மறுத்தது. 15 வயது மகன் கெவினை இழந்த ஆன் வில்லியம்ஸ் என்ற தாய் இதனை ஏற்கவில்லை. தன் மகன் அந்நேரத்துக்குப் பின்னரும் உயிருடன் இருந்தான் என்பதற்குச் சாட்சிகளைத் தேடிச் சேர்த்தார். அவரது மனுக்கள் மீண்டும் மீண்டும் நிராகரிக்கப்பட்டன. 2012இல் சுயாதீனக் குழுவின் அறிக்கை வெளிவந்த பின்னரே பழைய தீர்ப்பு இரத்தாகியது. 2013 ஏப்ரலில் நோயுற்ற நிலையிலும் நினைவு நாளில் கலந்துகொண்ட ஆன், மூன்று நாட்களின் பின் காலமானார். 2016இல் புதிய விசாரணையின் யூரிமார், இறந்தோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும் ரசிகர்கள்மீது தவறில்லை என்றும் தீர்ப்பளித்தனர். அதனைக் கேட்க அவர் இருக்கவில்லை.

இத்தனை ஆண்டுகளும் இக்குடும்பங்கள் ஒன்றுகூடி அழவும் பேசவும் இடம் தந்தது கழகத்தின் மைதானமே. இறந்தோரின் பெயர்கள் அங்கு கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஜெராட் அம்மக்களுள் ஒருவர். இழப்பைச் சுமந்த வீட்டிலிருந்து வந்த அணித்தலைவர். வெற்றிகளைவிட இதுவே அவரை மக்களுக்கு நெருக்கமாக்கியது எனலாம்.

முறையான பிரியாவிடை

34 வயதில் ஆட்ட வாய்ப்புக்கள் குறையத் தொடங்கியபோது, 2015 ஜனவரியில் தமது முடிவை ஜெராட் அறிவித்தார். லிவர்பூலுக்கு எதிராக விளையாட நேரக்கூடிய எந்தக் கழகத்திலும் சேர அவர் விரும்பவில்லை. ஆகவே அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகர அணிக்குச் சென்றார். மே 16ஆம் திகதி சொந்த மைதானத்தில் இறுதிப் போட்டி. தமது மூன்று பெண் குழந்தைகளுடன் அவர் உள்ளே வர, இரு அணி வீரர்களும் வரிசையாக நின்று கைதட்டினர். அரங்கு முழுவதும் அவருக்காகப் பாடியது. அன்று லிவர்பூல் 3-1 எனத் தோற்றது. ஆயினும் மக்கள் கலையாமல் நின்றனர். இனி இவர்கள் முன் விளையாடப் போவதில்லை என்பதே தமக்குப் பெருந்துயரம் என அவர் கூறினார். 710 போட்டிகள், 186 கோல்கள். லீக் கிண்ணம் மட்டும் இல்லை. அது 2020இல், அவர் போய் ஐந்து ஆண்டுகளின் பின்னரே கழகத்துக்குக் கிடைத்தது.

எமக்கு என்ன பயன்?

எம்மில் பலர் ஊரைவிட்டு வந்தபோது பிரியாவிடை சொல்ல நேரம் இருக்கவில்லை. அடுப்பில் உலை கொதிக்க விட்டு வந்தவர்கள் உண்டு. பிள்ளைகளை வழியனுப்பாமலே இழந்தவர்களும் உண்டு. சொல்லப்படாத பிரியாவிடை மனதில் ஆறாத காயமாக நீண்டகாலம் தங்குவதைப் பெண்களுடன் பணியாற்றும் எவரும் அறிவர்.

கடந்ததை மாற்ற முடியாது. இனி வரும் பிரிவுகளையாவது முறையாகச் செய்யலாம். மகள் ஆடைத் தொழிற்சாலைக்கோ, மகன் வெளிநாட்டுக்கோ புறப்படும் முன் அயலவரை அழைத்து ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். கழகத்திலும் மாதர் சங்கத்திலும் அவர்கள் செய்தவற்றைப் பலர் முன் சொல்லுங்கள். போகும் பிள்ளைமீது மனத்தாங்கல் இருந்தால் அன்றே பேசித் தீருங்கள். திரும்பி வராதவர்களின் பெயர்களையும் அந்த மாலையில் ஒருமுறை சொல்லுங்கள். அவர்களும் இந்த ஊரின் பிள்ளைகள்தான்.