மூன்று காம்பு லக்ஷ்மி

1955-ஆம் ஆண்டில் காங்கிரஸ் மகாசபை கூடியதனால் பெயர் பெற்ற ஊர் ஆவடி. நான் குடியிருக்கும் தெருவுக்கோ அந்தப் பெருமையில் பங்கில்லை. ஐந்தாறு வீடுகளில் கறவை மாடுகள் உண்டு. அதுதான் எங்கள் சிறப்பு. காலை நாலரை மணிக்கே பால் பாத்திரத்தின் ஓசை கேட்கும்.

2023-ஆம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்ததல்லவா? அப்போது எங்கள் தெருவிலும் கொட்டில்களில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு சேறும் சாணமும் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. அந்தச் சேற்றில்தான் எதிர் வீட்டு அம்மாளின் மாடு லக்ஷ்மி நாள் முழுதும் படுத்திருந்தது. ஜெர்ஸிக் கலப்பு, இரண்டாவது ஈற்று. புருஷனை இழந்த அந்த அம்மாள், அதன் பாலை விற்றுத்தான் தன் பெண்ணைக் கல்லூரியில் படிக்க வைத்துக் கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"வாத்தியாரையா, பாலைப் பாருங்க. திரிதிரியா வருது. யாரோ கண்ணு வச்சுட்டாங்க."

மடியின் பின்புறம் வலப்பக்கம் வீங்கிச் சிவந்திருந்தது. கை வைத்தால் சுட்டது. மாடு காலை உதறியது. டாக்டரை அழைக்கலாம் என்றேன். முதலில் திருஷ்டி கழிக்க வேண்டும் என்றாள் அம்மாள். மிளகாய் சுற்றிப் போட்டு, விளக்கெண்ணெய் தடவி, மூன்று நாள் போயிற்று. நானும் வற்புறுத்தவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. நாலாம் நாள் டாக்டர் வந்து ஊசி போட்டார். மாடு பிழைத்தது, அந்த ஒரு காம்பு மட்டும் பிழைக்கவில்லை.

மடிநோய் என்பது இதுதான். பசுவின் மடி வெளிப் பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும் உள்ளே நான்கு தனித்தனி அறைகள். ஒன்றின் பால் மற்றொன்றுக்குப் போகாது. ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு சிறு துவாரம். அதுதான் கிருமிகளுக்கு வாசல். பால் கறந்து முடிந்த பிறகு அந்த வாசல் நன்றாக மூடிக்கொள்ள ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மாடு சாணத்தின் மீது படுத்தால் ஈ.கோலை போன்ற கிருமிகள் உள்ளே புகுந்துவிடும். கறந்தவுடன் தீவனம் வைத்து மாட்டை நிற்க வைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கிருமி வரும் வழி இன்னொன்றும் உண்டு. அது கறப்பவர் கை. ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமி ஒரு மாட்டின் மடியிலிருந்து கையிலும் துடைக்கும் துணியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போகிறது. எங்கள் தெருவில் ஒரே ஆள்தான் நாலு வீட்டில் கறக்கிறார். ஒரே துணியைத்தான் தோளில் போட்டிருக்கிறார். போதாக்குறைக்குக் கட்டைவிரலை மடக்கிக் காம்பை அழுத்தி இழுக்கும் பழக்கம் வேறு. காம்பின் உள்ளே புண்ணாவதற்கு அது போதும். முழுக் கையாலும் பிடித்துக் கறப்பதே நலம்.

வீங்கிய மடி கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத மடிநோய்தான் அதிகம். பால் வெள்ளையாகவே இருக்கும்; மாடு நன்றாகவே தின்னும்; பால் மட்டும் நாளுக்கு நாள் குறையும். தீவனம் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவோம்! இதைக் கண்டுபிடிக்க 1957-ல் அமெரிக்காவில் ஷாம், நூர்லாண்டர் என்னும் இருவர் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். வீட்டிலேயே அதைப் போன்றது செய்யலாம். அரை லிட்டர் தண்ணீரில் பதினைந்து கிராம் சலவைத் தூளைக் கரைத்து, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே சம அளவு அதில் கலந்து சுழற்றிப் பார்க்க வேண்டும். கலவை கஞ்சி போல் இறுகினால் அந்த அறையில் நோய் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் எடுத்துக்காட்டிய மூலிகை மருந்தும் உண்டு. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்து, பாலை முற்றும் கறந்துவிட்டு, சிறிது சிறிதாக நீரில் கரைத்து மடி முழுதும் பகலில் பல முறை பூசுவார்கள். ஆரம்பத்திலேயே செய்தால் பலன் தரும். காய்ச்சல் கண்டு மாடு தீவனம் மறுத்தால் தாமதியாமல் 1962 என்ற எண்ணுக்குப் பேசிக் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைப்பதே சரி.

பால் வாங்குபவர்களுக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. ஊசி போட்ட மாட்டின் பாலை டாக்டர் சொல்லும் நாள் வரை விற்கக் கூடாது. காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று எண்ண வேண்டாம், பெரும்பாலும் போகாது. உறை ஊற்றினால் தயிர் தோயாமல் போவதும் உண்டு. ஆனால் அந்த நாட்களின் பாலைக் கீழே கொட்டும்போது அந்த அம்மாள் எத்தனை ரூபாயைக் கொட்டுகிறாள் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். அந்த நஷ்டத்தை ஈடு செய்வோர் இல்லாதவரை பலர் ஒளித்து விற்கத்தான் செய்வார்கள்.

லக்ஷ்மியை வாங்க ஒரு தரகர் வந்தார். மூன்று காம்பு மாடு என்று பாதி விலை கேட்டார். அம்மாள் கொடுக்கவில்லை. இப்போது கொட்டிலில் செங்கல் பரப்பியிருக்கிறாள். கறக்கும் ஆளை நிறுத்திவிட்டுத் தானே கை கழுவிக்கொண்டு உட்காருகிறாள். கறந்து முடிந்ததும் ஒரு கட்டு வைக்கோலைப் போட்டுவிட்டு, லக்ஷ்மி படுக்காதபடி அரைமணி நேரம் பக்கத்திலேயே நிற்கிறாள். அந்த நேரத்தில்தான் பெண்ணுக்குத் தலை பின்னுவதும் நடக்கிறது.